மீன் தொட்டியின் பாரத்தை மரமேடை தாங்குவது எப்படி?

வீட்டில் வண்ண மீன் வளர்ப்போர் பலரும் தொட்டியைத் தாங்கும் மேடையில் போதிய கவனம் செலுத்துவதில்லை. 120 செ.மீ. நீளமும், 45 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 240 லிட்டர் நீர் பிடிக்கும். நீரின் எடை மட்டுமே 240 கிலோ. கண்ணாடியும் கூழாங்கற்களும் சேர்ந்தால் 300 கிலோவைக் கடந்துவிடும்.

தேக்கு, சால் போன்ற கடின மரங்கள் இந்தப் பாரத்தை எளிதில் தாங்கும். பலவீனம் பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும். மேல்சட்டத்தைக் கால்களின் பக்கவாட்டில் திருகாணியால் பொருத்தினால், முழு எடையும் திருகாணிகள் மீது விழும். எனவே, சட்டம் கால்களின் தலைமீதே அமர வேண்டும். பின்புறம் ஒட்டுப்பலகை பொருத்தினால் மேடை பக்கவாட்டில் ஆடாது.

மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் விரியும். ஆகவே, நன்கு உலர்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து, அடிப்பகுதி உள்பட எல்லாப் பக்கங்களிலும் நீர்புகாப் பூச்சு பூச வேண்டும்.

மேடை சமமாக இல்லாவிட்டால் கண்ணாடியின் ஒரு மூலையில் அழுத்தம் கூடி, சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகலாம். மீன்களை விடும் முன், நீரை நிரப்பிச் சில நாள்கள் வைத்து, ரசமட்டத்தால் மீண்டும் சரிபார்ப்பது பாதுகாப்பானது.