முன்னால் நடக்கும் சிறுமி

உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்திருப்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "படம் கீறி என்ன செய்யப் போறீங்க மகள்?" என்று சாச்சிமார் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது வரவேற்பறைச் சுவரில் மாட்டும் பூச்சாடிப் படம். அவர்களுக்குப் பதிலாகச் சொல்ல எனக்கு ஒரு பெண்மணி கிடைத்திருக்கிறார். அவர் கீறியவை பிரித்தானியாவின் வீதியோரங்களில் மழையிலும் பனியிலும் நிற்கின்றன.

மார்கிரட் கல்வேர்ட் 1936இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் இங்கிலாந்துக்கு வந்து, பின்னர் லண்டனில் செல்சி கலைக் கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் ஜொக் கினியர் என்ற வரைகலை வடிவமைப்பாளர். கட்விக் விமான நிலையத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் அமைக்கும் வேலை கினியருக்குக் கிடைத்தபோது, தன் மாணவியான கல்வேர்ட்டை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆசிரியர்–மாணவி உறவு பிறகு சம பங்காளர் உறவாக மாறியது.

அந்தக் காலத்துப் பிரித்தானிய வீதிகளில் பலகைகள் ஒரே விதமாக இருக்கவில்லை. எழுத்தும் வேறு, அளவும் வேறு, படமும் வேறு. மெதுவாகச் செல்லும் வாகனத்துக்கு அது பெரிய குறையல்ல. ஆனால் 1950களின் இறுதியில் அதிவேக நெடுஞ்சாலைகள் அமைக்கப்படத் தொடங்கின. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடந்துவிடும். சாரதி கண்களைச் சுருக்கி, "இது எந்த ஊர்?" என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் திருப்பம் பின்னால் போய்விடும், அல்லது அதைவிட மோசமானது நடக்கும். இதற்காக அரசாங்கம் 1957இல் ஒரு குழுவை அமைத்தது. பலகைகளை வடிவமைக்கும் பொறுப்பு கினியருக்கும் கல்வேர்ட்டுக்கும் வந்தது. 1958இல் திறக்கப்பட்ட பிரஸ்டன் நெடுஞ்சாலையில் அவை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டன.

இருவரும் தொடங்கிய இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பலகை எப்படி அழகாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை அவர்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். வேகமாக வரும் சாரதிக்கு இந்த இடத்தில் எது தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். மற்ற முடிவுகள் அந்தக் கேள்வியிலிருந்தே வந்தன.

உதாரணமாக, அதுவரை ஊர்ப் பெயர்கள் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. பெரிய எழுத்துகளில் எழுதினால் எல்லாப் பெயர்களும் ஒரே நீள்சதுரமாகத் தெரியும். சிறிய எழுத்துகளிலோ சில மேலே நீளும், சில கீழே இறங்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் தனி உருவம் கிடைக்கிறது. தெரிந்த ஒருவரை நடையை வைத்தே தூரத்தில் அடையாளம் காண்பதுபோல, சாரதி அந்த உருவத்தை வைத்தே பெயரைப் பிடித்துவிடலாம். ஆகவே முதலெழுத்து மட்டும் பெரியதாகவும் மற்றவை சிறியதாகவும் அமைத்தார்கள். 'ட்ரான்ஸ்போர்ட்' என்ற புதிய எழுத்துருவையே இதற்காக வரைந்தார்கள். அதில் சிறிய 'எல்' எழுத்தின் அடியில் ஒரு வளைவு இருக்கும். பெரிய 'ஐ' என்று யாரும் மயங்கிவிடாமல் இருக்கத்தான் அது.

எதிர்ப்பும் வந்தது. டேவிட் கின்டர்ஸ்லி என்ற எழுத்துச் சிற்பி, பெரிய எழுத்துகளே தெளிவானவை என்று வாதாடித் தானும் ஓர் எழுத்துருவை வரைந்தார். இரண்டையும் ஒரு விமானத் தளத்தில் சோதித்தார்கள். விமானப் படையினர் வரிசையாக அமர்ந்திருக்க, பலகையைச் சுமந்த கார் ஒன்று அவர்களை நோக்கி வந்தது. எந்தத் தூரத்தில் வாசிக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கின்டர்ஸ்லியின் எழுத்து மிகச் சிறிதளவு முந்தியது. வித்தியாசம் அற்பம் என்பதாலும் பார்வைக்குப் பொருந்தியது என்பதாலும் கினியர்–கல்வேர்ட் வடிவமே தெரிவானது. எனவே அழகுக்கு இதில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது; அது கடைசியில் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையைப் பற்றி அறிந்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் நாட்டுப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே இடத்தைப் பங்கிட வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஊர்ப் பெயர்களோ நீளமானவை. ஒரே அளவு அட்டை இரண்டில் 'மருதமுனை' என்றும் 'அட்டாளைச்சேனை' என்றும் எழுதி, வகுப்பறை நடைபாதையின் மறுமுனையில் தோழியை நிறுத்தி நடந்து வரச் சொன்னேன். தடித்த பேனாவால் எழுதியதுதான் தூரத்தில் தெரியும் என்று நினைத்திருந்தோம். நடந்தது மறுபுறம். தடித்த கோட்டில் 'ளை', 'னை' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. மெல்லிய கோட்டில் எழுதியதைத் தோழி பல அடிகள் முன்னதாகவே வாசித்தாள். தமிழ் எழுத்துக்கு உயிர் அதன் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தில்தான் என்பது அன்று புரிந்தது. ஆங்கிலத்துக்குச் செய்ததை அப்படியே நமக்குப் பிரதி பண்ண முடியாது. கேள்வியை மட்டும்தான் கடன் வாங்கலாம்.

நெடுஞ்சாலைக்குப் பிறகு நாட்டின் ஏனைய எல்லா வீதிகளுக்கும் இதே வேலை தொடர்ந்தது. 1965 ஜனவரி 1ஆம் திகதி புதிய பலகைகள் நடைமுறைக்கு வந்தன. எச்சரிக்கைச் சின்னங்களில் பெரும்பாலானவற்றைக் கல்வேர்ட்டே வரைந்தார். கால்நடைகளுக்கான சின்னத்துக்கு உறவினர் ஒருவரின் பண்ணையிலிருந்த பேஷன்ஸ் என்ற பசு மாதிரியாக இருந்தது. பொறுமை என்று பொருள்படும் பெயர். வீதியில் மாடு கடக்கும்வரை காத்திருக்கும் சாரதிக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஆனால் எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது பாடசாலைப் பலகை. ஒரு காலத்தில் பாடசாலையைக் குறிக்க எரியும் தீப்பந்தம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அறிவின் ஒளியாம். அதைக் கண்டு எந்தச் சாரதி வேகத்தைக் குறைப்பார்? பின்னர் பிள்ளைகளின் படம் வந்தது. அதில் தொப்பி அணிந்த பையன் ஒருவன் தன்னைவிடச் சிறிய பெண்பிள்ளையை அழைத்துப் போவான். வசதியான பாடசாலையின் பிள்ளைகளைப்போலவும் பழைய கதைப் புத்தகப் படம்போலவும் அது கல்வேர்ட்டுக்குத் தோன்றியது. தொப்பியையும் புத்தகப் பையையும் நீக்கினார். பிறகு ஆளை மாற்றினார். புதிய படத்தில் பெரியவள் சிறுமி. அவள் ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து முன்னே நடக்கிறாள். அந்தச் சிறுமிக்குத் தன்னுடைய சிறுவயதுப் புகைப்படத்தையே மாதிரியாக வைத்தார்.

நம் வீடுகளில் தம்பியைக் கையில் பிடித்து வீதியைக் கடப்பது யார் என்று யோசித்தால், கல்வேர்ட் புரட்சி எதையும் செய்யவில்லை, கண்ணால் கண்டதை வரைந்தார் என்றே சொல்லத் தோன்றும். இருந்தும் அதுவரை யாரும் அப்படி வரையவில்லை. குழுவிலே ஒரு பெண் இருந்தபடியால் வரையப்பட்டது. "ஏன் பெண்பிள்ளைகள் இந்தத் துறைக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட விளக்கம் என்னிடம் இல்லை.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பிரித்தானிய ரயில் சேவைக்கும் எழுத்துரு வரைந்தார். அவர் பெயரையே தாங்கிய 'கல்வேர்ட்' எழுத்துரு 1980இல் வெளிவந்தது. லண்டன் ரோயல் கலைக் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்து, வரைகலைத் துறைக்குத் தலைமையும் வகித்தார். 2012இல் பிரித்தானிய அரசாங்கம் தன் சேவைகளை ஒரே இணையத்தளத்தின் கீழ் கொண்டுவந்தபோது, பழைய வீதி எழுத்துருவின் புதிய வடிவத்தையே அதற்குத் தெரிவுசெய்தது. ஹென்ரிக் குபெல் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து அதை உருவாக்கியவரும் கல்வேர்ட்தான்.

கேலிக்கும் ஆளாகியிருக்கிறார். வீதி வேலை நடக்கிறது என்பதைக் காட்ட, மண்வெட்டியும் மண்குவியலுமாக அவர் வரைந்த மனிதனைப் பார்த்து, "குடையை விரிக்க முடியாமல் திண்டாடுகிறான்" என்று பிரித்தானியர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறார்கள்.