கலியாணவீட்டுக்குப் போய்வந்த அக்காவும் நாம் மறைத்து வைக்கும் ஒப்பரேஷனும்

தென் லண்டனில் எமக்குத் தெரிந்த அக்கா ஒருவர், "சென்னையில் சொந்தத்தில் ஒரு கலியாணவீடு" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது "கலியாணம் எப்படி?" என்று கேட்டவர்களிடம் "நல்லாய் நடந்தது" என்றார். உண்மையில் அவர் போனது இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்கு. அது கணவருக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

சத்திரசிகிச்சை நடந்து ஒன்பதாம் நாள் விமானம் ஏறினார். வந்து இரண்டு நாளில் இடது தோளில் வலி. விமானத்தில் கோணலாகப் படுத்ததால் வந்த நோவு என்று தைலம் தடவினார்கள். மறுநாள் வயிற்று நோவும் மூச்சு வாங்கலும் சேர்ந்தன. "வாய்வு" என்று மல்லித்தண்ணியும் இஞ்சிச் சாறும் கொடுத்தார்கள். இரவு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கிய பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் "வயிற்று நோ" என்று மட்டுமே சொன்னார்கள். ஆங்கிலத்தில் பேசி உதவ வந்த அயல்வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம்! கடைசியில் மகள்தான் தாதியைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னாள். இரைப்பைத் தையலில் கசிவு. அக்கா ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, குழாய் வழியே உணவு ஏற்றப்பட்டு, பிழைத்து வந்தார். "எழுதுங்கோ, என்ரை பேரை மட்டும் போடாதேங்கோ" என்று அவரே சொன்னதால் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்தச் சத்திரசிகிச்சை என்ன என்று பார்ப்போம். இது வயிற்றுத் தோலின் கீழுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை அல்ல. இங்கே பெரும்பாலும் செய்யப்படுவன இரண்டு. 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி அகற்றி, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவான குழாயாக விடுகிறார்கள். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு நேரே இணைக்கிறார்கள். இரண்டிலும் உள்ளே நீளமான தையல் உண்டு. வெளியே ஐந்தாறு சிறு காயங்கள் மட்டுமே தெரிவதால், "சின்ன ஒப்பரேஷன்தானே" என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

தகுதியுள்ளவர்களுக்கு என்.எச்.எஸ். இதை இலவசமாகவே செய்கிறது. பொதுவான எல்லை, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கு 40, நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 35. தெற்காசியர்களுக்கு இந்த எல்லை 2.5 குறைவு என்று 'நைஸ்' நிறுவனம் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியில் தெளிவாகச் சொன்னது. எமது உடம்பில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதுதான் காரணம். 5 அடி 3 அங்குல உயரமான ஒருவருக்குக் கணக்குப் பார்த்தால் 96 கிலோ. நீரிழிவு இருந்தால் 83 கிலோ. இதை அறியாமல், "எனக்குத் தரமாட்டார்கள்" என்று தாமே முடிவு கட்டி வெளிநாடு போகிறவர்கள் எம்மவரில் பலர். முதலில் உங்கள் ஜி.பி.யிடம் கேளுங்கள். காத்திருப்பு நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரூட்டிங் சென். ஜோர்ஜஸ், டென்மார்க் ஹில் கிங்ஸ் கொலிஜ் போன்ற வைத்தியசாலைகளில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே செய்துகொண்டவருக்குப் பிறகு ஏதும் நேர்ந்தால் அவரைத் தெரிந்த வைத்தியர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. நல்ல இடத்தில் செய்தால் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். பித்தப்பை எடுப்பதைவிடப் பெரிதாக ஆபத்தானதல்ல. ஆனால் ஆபத்து வந்தால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே அதை முதலில் காண்பது வைத்தியர் அல்ல, வீட்டில் இருக்கும் நாம்தான்.

மிகவும் அஞ்சவேண்டியது அந்த அக்காவுக்கு வந்த கசிவு. தையல் ஓரிடத்தில் விட்டுப்போக, இரைப்பை நீர் வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடிக்கிறது. காய்ச்சல் வரலாம், வராமலும் விடலாம். பனடோல் குடித்திருந்தால் காய்ச்சல் மறைந்தே போகும். பருத்த உடம்பில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் எளிதில் தெரியாது. அநேகமாக முதலில் காட்டிக்கொடுப்பது நாடித் துடிப்பு. ஆறுதலாக உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 100ஐத் தாண்டி நின்றால் உடனே சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கு ரெலிபோன் எடுங்கள். 120 என்றால் ரெலிபோனில் மினக்கெடாமல் ஏ அண்ட் ஈக்குப் போங்கள். இடது தோள் வலி, மூச்சு வாங்கல், காரணம் தெரியாத ஒரு பதகளிப்பு என்பனவும் இதன் கூட்டாளிகள். தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரைப்பைக்கு மேலுள்ள உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு வேர்கள் கழுத்தில் ஒன்றே. சத்திரசிகிச்சையின்போது ஏற்றிய வாயுவாலும் முதல் இரண்டு மூன்று நாள் தோள் நோகும். அது நாளுக்கு நாள் குறையவேண்டும். குறைந்தது மீண்டும் கூடினால் தைலம் தேடவேண்டாம்.

இரத்தப் பெருக்கு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டில் இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், எழும்பினால் மயக்கம் என்பவை அதன் அடையாளம்.

காலில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு ஏறுவது இன்னொரு கொடிய விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீரென்று நெஞ்சு நோ, மூச்சு முட்டல் என்றால் 999. இதைத் தடுக்கத்தான் இறுக்கமான காலுறையும், வீட்டில் தொடர்ந்து போடும்படி வயிற்றுத் தோலில் குத்தும் சிறு ஊசியும் தருகிறார்கள். இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த ஹெப்பரின் வகை ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதைக் கேள்விப்பட்டதும் யாருக்கும் சொல்லாமல் ஊசிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிய சைவக் குடும்பத்தையும் நாம் கண்டோம். சைவர்களானாலும் முஸ்லிம் சகோதரர்களானாலும், மனம் ஒப்பவில்லை என்றால் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். பொண்டபாரினக்ஸ் என்று விலங்கிலிருந்து எடுக்காத மருந்தும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று வைத்தியர் பார்ப்பார். சொல்லாமல் விடுவதுதான் பிழை. சத்திரசிகிச்சை முடிந்து ஓரிரு வாரத்தில் பத்து மணிநேரத்துக்கு மேல் விமானத்தில் மடங்கி உட்கார்ந்திருப்பதும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

வாந்தியைப் பற்றி எம்மவரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "வயிறு சின்னனாக்கினால் சத்தி வரும்தானே" என்கிறார்கள். அவசரப்பட்டுக் குடித்தால் ஒருமுறை வரலாம். இரண்டு மூன்று நாள் விடாமல் வந்தால், தண்ணீரே இறங்காவிட்டால், பாதை சுருங்கியிருக்கலாம். அதோடு உடம்பில் தயமின் என்ற பி1 விற்றமின் தீர்ந்துபோகும். அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், பேச்சு மாறாட்டமாகும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். இது தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் தின்றவர்களைத் தாக்கிய பெரிபெரியின் இனம்தான். எமது புழுங்கலரிசியில் பி1 கூடுதலாகத் தங்கும் என்பதும் மெய். ஆனால் எதுவும் வயிற்றில் நில்லாதவருக்கு அதனால் என்ன பயன்? ஊசி மூலம் தயமின் ஏற்றவேண்டும். அதுவும் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன்போ அதனுடன் சேர்த்தோ ஏற்றவேண்டும். ஆகவே எத்தனை நாளாகச் சத்தி என்று வைத்தியரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

நீரிழிவுக்காரர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து சில நாளிலேயே சீனி இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுத்தால் வியர்த்து மயங்கி விழ நேரும். புதிய அளவை எழுதி வாங்காமல் வீட்டுக்கு வரவேண்டாம். நோவுக்கு இபுப்ரோபன், நியூரோபன் வகைகளைத் தொடவேண்டாம். அவை புதிய தையலில் புண்ணை உண்டாக்கும்.

வெளிநாடு போவதைப் பற்றியும் எமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்தார். தமிழ்நாட்டு அரசு விசாரித்து, அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, துருக்கிக்கு இதற்காகச் சென்ற ஏழு பிரித்தானியர் இறந்ததாக பி.பி.சி. செய்தி வெளியிட்டது. சென்னையிலும் திறமையான வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் எமக்குச் சந்தேகமில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? பன்னிரண்டாம் நாள் குரோய்டனில் உங்களுக்கு நோ வந்தால் யாருடன் பேசுவது? என்ன செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் கையில் இருக்கிறதா? சில ஆயிரம் பவுண் மிச்சம் பிடிக்கப் போகிறவர்கள் இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது.

இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் வீதியில் உள்ள குரோய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலையில், அதாவது 2010 வரை மேடே என்று நாம் அழைத்த அதே இடத்தில், ஏ அண்ட் ஈ இரவு பகலாகத் திறந்திருக்கும். அங்கே அவசர சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். விசா எப்படி இருந்தாலும் சரி. 111க்கு எடுத்து "தமிழ் இன்ரேப்ரிற்றர் பிளீஸ்" என்றால் மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே, இலவசம். அவர் உங்கள் விஷயத்தை வெளியே சொல்ல முடியாது. அது அவரது தொழிலின் கட்டுப்பாடு. ஆகவே அயல்வீட்டுக்காரரும் வேண்டாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றவும் வேண்டாம். வாசலில் பதியும்போதே முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: "ஐ ஹாட் வெயிற் லொஸ் சேர்ஜரி." எத்தனை நாளுக்கு முன் என்பதையும், ஸ்லீவா பைபாஸா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிற்று நோ என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.

சமையலறையைப் பற்றியும் கொஞ்சம். முதல் இரண்டு வாரம் அநேகமாகத் தண்ணீராகாரம் மட்டுமே. அதற்குப் பின் மசித்தது, பிறகு மென்மையானது. கஞ்சித் தண்ணியில் மாச்சத்துத்தான் அதிகம். பாலும் நன்றாக வடித்த பருப்புத் தண்ணியும் மேல். ஒரே மூச்சில் குடிக்காமல், நாள் முழுக்கச் சிறுகச் சிறுக ஒன்றரை லீற்றராவது உள்ளே போகவேண்டும். சஷ்டி, சிவராத்திரி விரதங்களை அந்த வருடம் முருகனும் சிவனும் மன்னிப்பார்கள். விருந்துக்கு வரும் மாமிமார்தான் மன்னிப்பதில்லை. "ஒரு வாய் சோறாவது சாப்பிடு பிள்ளை" என்று அவர்கள் வற்புறுத்தும்போது, விஷயம் தெரியாதவர்களிடம் என்ன சொல்லி மறுப்பது? அந்த அக்கா அப்படித்தான் எட்டாம் நாள் சென்னையில் இரண்டு இட்டலியை விழுங்கியிருக்கிறார்.

இப்போது அவர் ஒரு தாளில் சத்திரசிகிச்சையின் பெயர், திகதி, மருந்துகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். அதன் பிரதி ஒன்று அயல்வீட்டுக்காரரிடமும் இருக்கிறது.