பிடித்து வந்த பாம்பு நோயுற்றால்: மருந்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இறப்பர் தோட்டத்தில் பாம்பு அகப்பட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். அடித்துக் கொல்வார்கள். இல்லையேல் காட்டோரம் விரட்டி விடுவார்கள். மூன்றாவது, இளைஞர்கள் சிலர் செய்வது: சிறிய மலைப்பாம்பையோ சாரையையோ பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி, வீட்டிலேயே வைத்துக்கொள்வது. சில வாரங்களில் அந்தப் பாம்பு நோயில் விழுந்துவிடும். அதன் பிறகுதான் உதவி தேடுவார்கள்.

கேகாலை மாவட்டத்தில் தெஹியோவிட்டவுக்கு அருகேயுள்ள ஒரு தோட்டம்தான் என் ஊர். மிருக வைத்தியர் ஒருவருக்குச் சில காலம் உதவியாக இருந்ததால் இப்படியான அழைப்புகள் எனக்கும் வரும். கிளிநொச்சி, வவுனியா பக்கமிருந்தும் வரும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டுப் போய் வன்னியில் குடியேறியவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. போர் முடிந்து காணிக்குத் திரும்பியவர்கள் பற்றை வெட்டும்போதும் பாழடைந்த கிணற்றைத் துப்புரவு செய்யும்போதும் பாம்பைக் காண்பது அங்கே வழமையான கதை.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சாப்பிடுதில்லை, வாயில் சீழ் மாதிரி இருக்கு, என்ன மருந்து கொடுக்கலாம்?" என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலான வேளைகளில் அந்த வாளிதான் நோய். அதை மாற்றாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

முதலில், அது எந்தப் பாம்பு?

நோயைப் பார்க்கும் முன் பாம்பைப் பார்க்க வேண்டும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடிப் புடையனைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. வடக்கில் வெங்கிணாந்தி என்று சொல்லப்படும் மலைப்பாம்பின் உடலில் உள்ள திட்டுகள் ஒழுங்கற்றவை. தலையில் அம்பு முனை போன்ற அடையாளம் இருக்கும். புடையனின் முதுகிலும் இரு பக்கங்களிலும் சங்கிலி போலத் தொடரும் வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும். தலை முக்கோணமாக இருக்கும். சீறினால் குக்கர் ஆவி விடுவது போலக் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்று அழைக்கப்படும் கூன்மூக்கு விரியன் உதிர்ந்த இலைகளுக்குள் சருகு நிறத்திலேயே கிடக்கும். ஓரடி, ஒன்றரை அடி நீளமே இருக்கும் என்பதால் 'ஏதோ குட்டி' என்று எடுத்துவிடுவார்கள். அதன் கடி சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையும் எடுக்கக்கூடியது. இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் எதிரானது. கூன்மூக்கு விரியனின் நஞ்சு அதில் சேரவில்லை.

எனவே அடையாளம் உறுதியாகத் தெரியாத பாம்பைக் கையால் தொட வேண்டாம். சோர்ந்து கிடக்கும் பாம்பும் கடிக்கும். கடி பட்டுவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நோய் எப்படி வருகிறது?

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. வெயிலில் கிடந்து சூடேற்றும், நிழலுக்குப் போய்க் குளிரும். உணவு செரிப்பதும் கிருமியை எதிர்ப்பதும் இந்தச் சூட்டைப் பொறுத்தவை. காட்டில் அது நாள் முழுக்க இடம் மாறி இதைச் சமன் செய்துகொள்கிறது. வாளிக்குள் மாறுவதற்கு இடமில்லை. எங்கள் மழைக்காலத்தில் சீமெந்துத் தரையில் வைத்த வாளி இரவு முழுவதும் குளிர்ந்திருக்கும். பகலில் வெயில் பட்டால் அதே வாளி அடுப்பாகிவிடும்.

அடுத்தது பயம். ஒளிய இடமில்லாத பாம்பு வெளியேறப் பார்த்து மூக்கைக் கம்பி வலையில் ஓயாமல் உரசும். உதடு கிழியும், அந்தப் புண்ணில் கிருமி புகும். பார்க்க வருபவர்கள் எல்லாம் தூக்கிப் பார்த்தால் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். சுற்றுலா இடங்களில் ஆட்டுவிக்கப்படும் நாகங்களில் பற்கள் பிடுங்கப்பட்டவற்றுக்கு வாயில் சீழ் பிடித்து, இரை விழுங்க முடியாமல் போவதும் உண்டு.

சூடு, நீர், இருட்டு

வனசீவராசிகள் திணைக்களத்தினர் வரும்வரை பாம்பை வைத்திருக்க நேர்ந்தால் மூன்றைக் கவனித்தால் போதும். நஞ்சற்றது என்று உறுதியாகத் தெரிந்த பாம்புக்கு மட்டுமே இவை பொருந்தும்.

காற்றுத் துளைகள் உள்ள, நன்றாக மூடக்கூடிய பெட்டியில் வையுங்கள். உள்ளே கடதாசி விரித்து, பாம்பு நெருக்கமாகச் சுருண்டு ஒளிய ஒரு கவிழ்த்த சட்டி வையுங்கள். ஒரு பக்கம் 30 பாகை செல்சியஸ் அளவு இளஞ்சூடாகவும் மறுபக்கம் சற்றுக் குளிராகவும் இருந்தால் தனக்கு வேண்டியதை அது தெரிவு செய்துகொள்ளும். சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறம் ஒரு பக்கத்தில் வைக்கலாம். நேரடி வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது.

தோல் சுருங்கி, கண் குழிந்து, எச்சில் பசை போல இழுபட்டால் அது நீரிழப்பு. ஆழமில்லாத பாத்திரத்தில் இளஞ்சூடான நீர் விட்டு, தலை மூழ்காத அளவில் கால் மணி நேரம் கிடக்க விடலாம். அது தானாகக் குடிக்கும். பால் வைக்க வேண்டாம். தாகத்தில் இருக்கும் பாம்பு எதையும் குடிக்கலாம், ஆனால் பாலைச் செரிக்கும் உடல் அதற்கில்லை.

தோல் அரைகுறையாகக் கழன்றிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணை மூடியிருக்கும் செதிலும் அந்தத் தோலோடு சேர்ந்தது. இழுத்தால் கண் போய்விடும். ஈரத் துணிக்குள் விட்டால் பெரும்பாலும் தானே கழரும்.

வைத்தியரிடம் விட வேண்டியவை

வாய் ஈறு சிவந்து வீங்கி, தயிர்க்கட்டி போல வெள்ளையாகப் படிந்திருந்தால் வாய்ப்புண். வாயைத் திறந்தபடி மூச்சு விட்டு, தலையை மேலே தூக்கி, மூக்கில் நுரை தள்ளினால் நுரையீரல் நோய். பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. அதனால் இது விரைவில் முற்றும். நீர்ச் சட்டியில் கறுப்புத் துகள்கள் மிதந்து அசைந்தால் அவை செதிலுக்கடியில் இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகள். மண்வெட்டிக் காயம், வலை இறுக்கிய காயம், நெருப்புக் காயம் ஆகியவையும் வைத்தியரின் வேலைதான்.

மனிதருக்கோ நாய்க்கோ வாங்கிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். பாம்பின் உடலில் மருந்து மிக மெதுவாகவே கழியும். செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை மனிதருக்கு நாளுக்குச் சில தடவை ஏற்றுவார்கள். பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். பல மருந்துகளை உடலின் முன்பாதியில்தான் ஊசியாகப் போடுவார்கள், பின்பாதி இரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குப் போகக்கூடும் என்பதால்.

உணவு கடைசியாகத்தான். பல வாரம் சாப்பிடாமல் இருப்பது பாம்புக்குப் புதிதல்ல. குளிர்ந்தும் நீரிழந்தும் கிடக்கும் பாம்பின் வாயில் கோழியைத் திணித்தால் அது வயிற்றிலேயே அழுகும், அல்லது கக்கிவிடும். சூடும் நீரும் சரியான பின் சிறிய இரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பாம்பின் எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கும், குழந்தைகளுக்கு அது ஆபத்து.

இருளரின் பானை

அப்படியானால் காட்டுப் பாம்பைப் பிடித்து, நலத்தோடு திருப்பி அனுப்ப முடியாதா? முடியும். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்கள் அதைச் செய்கிறார்கள். முன்பு பாம்புத் தோலுக்காகப் பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972இல் வந்த இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அந்தத் தொழில் நின்றது. 1978இல் ரொமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அனுமதி பெற்றுப் பிடித்த பாம்பை மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டுவார்கள். இருட்டு, குளிர்ச்சி, சுருண்டு கிடக்கப் போதிய நெருக்கம் மூன்றும் பானைக்குள் கிடைக்கும். சில வாரங்களில் நான்கு தடவை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பு இவர்கள் தரும் நஞ்சைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது குறுகிய காலம், குறைந்த தொடுகை, கட்டாயமாகத் திருப்பி விடுதல் என்பவற்றைத்தான். பானை அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

எங்கே விடுவது?

பிடித்த இடத்துக்கு அருகில்தான். பாம்புக்குத் தன் ஒளிவிடங்களும் இரை வரும் வழிகளும் பழக்கம். தொலைவில் விட்டால் அது அலைந்து, வீதியில் நசுங்கியோ மனிதர் கையில் அடிபட்டோ சாவதற்கான வாய்ப்பு கூடும். வேறு நாட்டுப் பாம்பை விடுவது இன்னும் மோசம். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புப் பாம்புகளாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி அங்குள்ள விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்களும் இருளர்கள்தான்: மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இலங்கையில் மலைப்பாம்பு, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட உயிரினம். அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். காயமடைந்த பாம்பைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

சாரைப்பாம்பின் முதன்மையான இரை எலி. கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் கூடிய மாவட்டங்கள்; வயலிலும் சேற்றிலும் வேலை செய்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்று எங்கள் லயன்களில் எல்லோருக்கும் தெரியும். வாளிக்குள் சாகும் சாரையால் யாருக்கும் பயனில்லை. அது பொந்துக்குத் திரும்பினால் லயனைச் சுற்றி எலி பிடிக்கும் ஒரு வாய் கூடும்.