மகனின் கணனிக்குப் புதிய வின்டோஸ்: கடைக் கணக்கு பத்திரமா?

வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கி வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்து வருடங்கள் ஓடிய மென்பொருள் அது. அதன் பிறகு தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள வியாபார நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மகன்ட கம்பியூட்டர் பழசாம், புதுசு வாங்கணுமாம், உண்மையா?"

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கென்று வாங்கிய கணனியை நம் வீடுகளில் பிள்ளை மட்டும் பாவிப்பதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வரும் வாப்பா அதிலேதான் ஸ்டொக் பார்க்கிறார், கடன் கொப்பியை எக்செல்லில் ஏற்றுகிறார், வங்கிக் கணக்கைத் திறக்கிறார். ஆகவே இதைப் பிள்ளையின் விடயம் என்று அவனிடமே விட்டுவிட முடியாது. வியாபாரத்தின் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆதரவு முடிந்ததால் கணனி நின்றுவிடாது. நேற்றுப் போலவே இன்றும் வேலை செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவி, பைல்களைப் பூட்டிவைத்து 300 டொலர் கப்பம் கேட்டது. பிரித்தானிய அரசாங்க வைத்தியசாலைகளே தடுமாறின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதைப் போடாதவர்கள். திருத்தமே வராத கணனியில் வங்கிக் கணக்கைத் திறப்பவரின் நிலை அதைவிட மோசம்.

இனி உங்கள் கணனி வின்டோஸ் 11க்குத் தகுதியா என்று பார்ப்போம். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பன பெரிய தடையல்ல. தடையாக இருப்பது புரொசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும்தான். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்தே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஐ5 7400 என்றிருந்தால் 7ஆம் தலைமுறை, ஏலாது. ஐ5 8400 என்றால் சரி. டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணனிகளில் அது இருந்தும் பயோஸில் மூடப்பட்டிருக்கும், திறந்துவிட்டால் போதும். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருள் இவற்றையெல்லாம் சில நிமிடங்களில் சொல்லிவிடும். கடைக்குக் கணனியைத் தூக்கிக்கொண்டு போகுமுன் அதை ஓட்டிப் பாருங்கள்.

ஏனென்றால், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போனால் இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும். ஒருவர் புதியது வாங்கச் சொல்வார். மற்றவர், தகுதியில்லாத கணனிக்கும் ஏதோ வழி செய்து வின்டோஸ் 11 போட்டுத் தருவார். போடலாம்தான். ஆனால் அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. திருத்தத்துக்காகத்தானே மாற்றுகிறோம்?

தகுதியில்லாத வீட்டுக் கணனிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பை நிறுவனம் அறிவித்தது. கணனியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையெனில் 30 டொலர். வியாபார நிறுவனங்களுக்கோ முதல் வருடத்துக்கே ஒரு கணனிக்கு 61 டொலர், அடுத்த வருடம் இரட்டிப்பு. பிள்ளைக்குப் படிக்க மட்டுமே கணனி என்றால் உபுன்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களும் உண்டு. "மெதுவாக இருக்கிறது" என்பதுதான் முறைப்பாடு என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். புதிய வின்டோஸ் தராத வேகத்தை அது தரும்.

தகுதியான கணனிக்குப் போடும்போது, இருப்பதன் மேலேயே போடலாம், அல்லது முழுதாக அழித்துவிட்டுப் போடலாம். மேலே போட்டால் பைல்கள் அப்படியே இருக்கும். டெக்னீஷியன்கள் அழித்துப் போடவே விரும்புவார்கள், அவர்களுக்கு அது இலகு. 32 பிட் வின்டோஸ் 10 உள்ள கணனிக்கு அழித்துப் போடுவதைத் தவிர வழியில்லை. எப்படியானாலும் முதலில் கணக்குப் பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறொரு கணனியில் திறந்து பார்த்துவிடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதங்கள் இருந்தால் எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இன்னொன்று முக்கியம். அந்தக் காலத்தில் பொக்ஸ்ப்ரோவில் எழுதிய டொஸ் பில்லிங் புரோகிராம்களை இன்றும் சில மொத்தக் கடைகளில் காண்கிறேன். வின்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அவை அதில் நேரடியாக ஓடா. அப்படி ஒன்று வீட்டுக் கணனியிலும் இருந்தால், கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிய பிறகே வின்டோஸில் கை வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. வின்டோஸ் 11ஐப் புதிதாகப் போடும்போது ஒரு மின்னஞ்சல் கணக்குக் கேட்கும். வேலை முடிந்தால் போதும் என்று டெக்னீஷியன் தன்னுடைய மின்னஞ்சலையே கொடுத்துவிடுவதுண்டு. 2024இல் வந்த பதிப்பிலிருந்து, இவ்வாறு அழித்துப் போட்ட பல கணனிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, அதன் சாவி அந்த மின்னஞ்சல் கணக்கில் போய்ச் சேருகிறது. ஒருநாள் கணனி அந்தச் சாவியைக் கேட்டால், உங்கள் கடன் கொப்பி முகம் தெரியாத ஒருவரின் கையில். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், சாவியை அச்சிட்டுக் கடைப் பத்திரங்களோடு வையுங்கள். மகனுக்கு வேறு பயனர் கணக்குத் திறந்து கொடுங்கள். அவன் இறக்கும் விளையாட்டு உங்கள் கணக்கைத் தொடாமல் இருக்க அது உதவும்.

கிரேக் பிரதி பற்றியும் கேட்கிறார்கள். ஒழுங்கான அனுமதியுள்ள வின்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற மைக்ரோசொப்ட் பணம் கேட்பதில்லை. பிறகேன் களவுப் பிரதி? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்க உரிமையும் வர்த்தகப் பெயரும் ஷரீஆ பாதுகாக்கும் உரிமைகள் என்று தீர்மானித்தது. அதைப் பறிப்பது இன்னொருவரின் ஹக்கில் கை வைப்பது. உலக நஷ்டமும் உண்டு, கிரேக் பைலோடு வைரஸும் சேர்ந்தே வரும். ஒபீஸ் வாங்க வசதியில்லாவிட்டால் லிப்ரே ஒபீஸ் இலவசம், மாணவனின் கட்டுரைக்கு அது தாராளம்.

போடும் நேரத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். லெப்டொப் என்றால் பற்றரியை நிரப்பி மின்னிணைப்போடு வையுங்கள், டெஸ்க்டொப் என்றால் யுபிஎஸ் தேவை. பரீட்சை வாரத்திலும் மாத முடிவுக் கணக்கு நாட்களிலும் இந்த வேலை வேண்டாம். இருப்பதன் மேல் போட்டவர்களுக்குப் பழையதற்குத் திரும்பப் பத்து நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரின்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள், வங்கி இணையத்தளம் ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பதினோராவது நாள் பிரச்சினை தெரிந்தால் அந்தப் பொத்தான் அங்கே இருக்காது.