எந்த மருந்து எனக்கு?

மருந்து ஆய்வில் சேர வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்து விளக்குவது என் வேலை. பக்கம் பக்கமாக நீளும் படிவம் அது. பெரும்பாலானோர் தலையாட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். புது மருந்து யாருக்கு, வழக்கமான மருந்து யாருக்கு என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும் என்ற வரி அது.

“ஏம்மா, எனக்கு எது வருதுன்னு டாக்டருக்கே தெரியாதா?”

“தெரியாதுங்கய்யா. எது நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா இந்த ஸ்டடியே தேவையில்லை.”

இப்படிக் குலுக்கிப்போடும் கட்டத்துக்கு ஒரு மருந்து எளிதில் வந்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடம், விலங்குகள் எல்லாம் தாண்டிய பிறகு முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்கு மட்டும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், புற்றுநோய் மருந்தென்றால் நோயாளிகளே. நோய் தீருமா என்பது அங்கே கேள்வியில்லை. உடம்பு தாங்குமா, எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வி. 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை, விலங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். முதலில் ஒருவருக்குக் கொடுத்து, பொறுத்துப் பார்த்தபின்பே அடுத்தவருக்கு என்ற வழக்கம் அதன்பின் வலுப்பட்டது.

இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகள். மருந்து வேலை செய்கிறதா, எந்த அளவில் என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போகும். அந்தக் குலுக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

அது ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நம்ம சென்னைச் சேத்துப்பட்டின் கதை. 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு, நல்ல காற்று என்றிருந்த காலம். நாட்டிலிருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை வீட்டிலிருந்தே ஓராண்டு சாப்பிட்டால் போதுமா என்று வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு சோதித்தது. 193 நோயாளிகளை வீடு, சானடோரியம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். மருத்துவர்களே பிரித்திருந்தால், நோய் முற்றியவர்களை இரக்கப்பட்டு சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? அதனால் குலுக்கல்.

வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த சாப்பாட்டோடும் குறைந்த ஓய்வோடும் இருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை என்பதை உலகம் முழுக்க ஏற்க வைத்தது. அந்த 193 பேர்மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

மாத்திரை எண்ணும் வேலை இன்றும் இருக்கிறது. மீதியை ஸ்ட்ரிப்போடு கொண்டுவரச் சொல்வோம். கணக்கு சரியாக இருக்கட்டும் என்று சாப்பிடாததைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. திட்டமாட்டோம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வயிற்றைப் புரட்டியதால் நிறுத்தினீர்கள் என்றால், அந்தப் புரட்டலும் நாங்கள் எழுதிவைக்க வேண்டிய முடிவுதான்.

விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு தொடரும். அதை நான்காம் கட்டம் என்பார்கள். ராஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரை 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீண்டகாலம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது தெரிந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

உங்களையோ வீட்டில் யாரையோ ஆய்வில் சேரக் கூப்பிட்டால், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று கேளுங்கள். பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் ஆய்வின் பதிவு எண் என்னவென்றும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.