மிதிவண்டிப் பயணமும் மேனி நலமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் பலருக்கு மிதிவண்டியே பேருந்து; அதுவே புகைவண்டி. மேல்நிலைப் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியையே கல்லூரிக்கும் ஓட்டி வருவோர் நம்முள் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். போகவர நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர். சக்கரத்துக்குக் காற்றடிப்பது பற்றியும் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது பற்றியும் தாராளமாகப் பேசிக்கொள்ளும் நாம், ஓட்டுகிறவரின் தொடையிடுக்கில் தோல் கன்றி எரிவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மாணவியர் தம் தாயிடம் சொல்லக்கூடத் தயங்குகின்றனர். இந்த வெட்கமே சிறு எரிச்சலைப் பெருந்தொல்லையாக வளர்க்கிறது. ஆதலால் இதை வெளிப்படையாக எழுதத் துணிந்தேன்.

உராய்வு செய்யும் வேலை

நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அரை மணி நேரத்தில் 1800 சுற்று. அத்தனை முறையும் இரு தொடைகளும் இருக்கையின் மூக்குப் பகுதியை ஒட்டி மேலும் கீழும் அசைகின்றன. நம் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களாலான மெல்லிய காப்புப் படலம் ஒன்றுண்டு. உள்ளங்காலில் தடித்திருக்கும் இப்படலம் தொடையின் உட்புறத்தில் மிக மெல்லியது. ஓயாத உராய்வில் அது தேய்ந்துவிட, அடியிலுள்ள தோல் சிவந்து எரிகிறது.

ஈரம் பட்டால் வழுக்கும், உராய்வு குறையும் என்று நாம் நினைக்கலாம். வியர்வையில் நனைந்த தோலில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஈரத்தால் ஊறி மென்மையான தோல் துணியோடு நன்றாக ஒட்டிக்கொள்வதால் உராய்வு கூடுகிறது. வியர்வை உலர்ந்தபின் எஞ்சும் உப்புத் துகள்களும் அரத்தைப் போல் அறுக்கின்றன.

இது வலுவற்றவர்க்கு மட்டும் வருவதன்று. 1987ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் நடந்த வுவெல்டா மிதிவண்டிப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, பந்தயம் முடியச் சில நாள்களே இருந்தபோது இருக்கையால் வந்த கட்டியின் காரணமாக விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் அவர் வெற்றி பெற்றார்.

வருமுன் காக்கும் வழிகள்

முதலில் இருக்கையைக் கவனியுங்கள். அது மிக உயரமாக இருந்தால் மிதிக்கட்டையை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும், தேய்மானம் பெருகும். மிதிக்கட்டை அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே ஏற்ற உயரம். இருக்கையின் மூக்கு மேல்நோக்கித் தூக்கியிராமல் சமமாக இருக்க வேண்டும். மிதிவண்டிக் கடையில் சில நிமிடங்களில் இவற்றைச் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது உடை. ஜீன்ஸ் கால்சட்டையின் தடித்த தையல்கள் எல்லாம் வந்து கூடும் இடமே நாம் அமரும் இடம். நீண்ட தூரம் வருவோர் அதைத் தவிர்ப்பது நல்லது. தொடை வரை நீண்ட, மெல்லிய தையலுள்ள உள்ளாடை, தோலோடு தோல் உரசுவதைத் தடுக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சும்; ஆனால் உறிஞ்சியதை விரைவில் விடாது. எனவே மாற்று உள்ளாடை ஒன்றைப் பையில் கொண்டுவந்து, கல்லூரி சேர்ந்ததும் மாற்றிக்கொள்வது சிறந்தது. புறப்படுமுன் உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம். முகப்பவுடர் வேண்டாம், அது வியர்வையில் கட்டிதட்டி மேலும் உறுத்தும்.

வந்தபின் செய்ய வேண்டியவை

தோல் கன்றிவிட்டால் மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து உலரவிட வேண்டும். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ போதுமானது. சுண்ணாம்பு, உப்பு, ஸ்பிரிட் போன்றவை புண்ணை மேலும் எரிக்கும். எரிச்சல் தீரும்வரை இரண்டு மூன்று நாள்கள் மிதிவண்டிக்கு ஓய்வு கொடுங்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

களிம்பால் வரும் கேடு

எரிச்சலைவிட அரிப்பு மிகுந்து, ஓரம் சிவந்த வட்டமாகப் பரவினால் அது வெறும் உராய்வுப் புண் அன்று. பூஞ்சையால் வரும் படர்தாமரை. என் நண்பர் ஒருவர் இதைக் காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை. மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசியதும் அரிப்பு உடனே அடங்கியது. நிறுத்தியதும் இருமடங்காகப் பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததே காரணம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் தோலின் ஆற்றலையும் அடக்கிவிடும். நாள்பட்டால் தோலை மெலியச் செய்து வரிவரியாகப் பிளக்கவும் வைக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் சொல்லும் நாள்வரை மருந்தை விடாமல் பயன்படுத்திய பிறகே நண்பருக்குக் குணம் கிடைத்தது. வருகைப் பதிவில் இழந்த பத்து நாள்கள் மட்டும் திரும்பவில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மிதிவண்டி நிறுத்தத்துக்குக் கூரையும், மாணவ மாணவியர் முகம் கழுவி உடை மாற்றத் தனித்தனி அறைகளும் அமைந்தால் தொலைவிலிருந்து வருவோர் பெரிதும் பயனடைவர். நண்பர்களே, பஞ்சரான சக்கரத்தை மறைத்து வைத்து எவரும் ஓட்டுவதில்லை. நம் உடலின் சிறு புண்ணையும் மறைக்காமல் உரியவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வோம். ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்கு வருவோம்.