டயர் வாங்கும் அடி

ஜெகதாப்பட்டினத்தில் கரையணைந்து நிற்கும் விசைப்படகுகளின் விலாவில் பழைய டயர்கள் தொங்குகின்றன. அலை தூக்கிப் போடும்போது படகோடு படகு மோதிப் பலகை பிளக்காமல், அந்த அடியை டயர் வாங்கிக்கொள்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சீறிப் பாயும் பந்தயக் கார்களுக்கும் இதே பழைய டயர்தான் காவல். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அந்த ஓடுதளம் 1990இல் திறக்கப்பட்டது. சுற்று ஒன்றுக்கு 3.7 கி.மீ., 12 வளைவுகள். வளைவுகளில் தடம் தவறிவரும் காரை எதிர்கொள்ள டயர் அடுக்குகள் காத்திருக்கின்றன.

கெட்டியான சுவர் இருந்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் நேராக மோதி, பத்தே சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரால் இறுகக் கட்டப்பட்ட ஓட்டுநரின் உடல் தாங்கவேண்டிய சராசரி விசை, அவர் எடையைப்போல் சுமார் 390 மடங்கு. நிற்பதற்கு ஒரு மீட்டர் கிடைத்தால் அதுவே 39 மடங்காக இறங்கிவிடும். வேகம் 200 ஆனாலோ, அதே ஒரு மீட்டருக்கு 157 மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும் அல்லவா? தடுப்பு வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் போராடுவது இதனால்தான்.

ஒரு காலத்தில் இந்த வேலையை வைக்கோல் கட்டுகள் பார்த்தன. 1967இல் மொனாக்கோ பந்தயத்தில் லொரென்சோ பண்டினியின் ஃபெராரி கவிழ்ந்து தீப்பிடித்தபோது, ஓரத்திலிருந்த வைக்கோலும் சேர்ந்து எரிந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்தார். பிறகு ஃபார்முலா 1 ஓடுதளங்களிலிருந்து வைக்கோல் விலக்கப்பட்டது.

டயர் மலிவு. எங்கும் கிடைக்கும், அமுங்கும். ஆனால் சும்மா அடுக்கிவைத்தால் கார் மூக்கை நுழைத்து உள்ளே போய்விடும். 1999இல் சில்வர்ஸ்டோனில் பிரேக் கைவிட்ட மைக்கேல் ஷூமாக்கரின் கார் டயர்களுக்குள் புகுந்து நின்றது. அவருடைய வலது கால் முறிந்தது. இன்று முறையாகக் கட்டப்படும் தடுப்பில் டயரோடு டயரை போல்ட் போட்டு இணைக்கிறார்கள். பல வரிசைகள் வைத்து, முன்பக்கத்தில் தொழிற்சாலைகளில் ஓடும் கன்வேயர் பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறார்கள். பெல்ட் இருந்தால் அடி ஒரே இடத்தில் குத்தாமல் பல டயர்களுக்குப் பரவும். சாய்வாக வரும் காரும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்தச் ‘சிக்காமல்’ என்பதில்தான் பாதிச் சூட்சுமம். தடுப்பு மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, காரைப் பிடித்து நிறுத்திச் சுழற்றிவிடவும் கூடாது. அமெரிக்காவின் நீள்வட்ட ஓடுதளங்களில் கார்கள் சுவரை ஒட்டியே பறக்கின்றன. டயர் அடுக்க இடமும் இல்லை, அடுக்கினால் அதுவே பொறி. அங்கே வெறும் கான்கிரீட்தான் இருந்தது. 1998இல் இண்டியானாபொலிஸில் பாலிஎத்திலீன் தடுப்பு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அதில் மோதிய கார் திரும்ப ஓடுதளத்துக்கே எறியப்பட்டது, துண்டுகளும் சிதறின.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நெடுஞ்சாலைத் தடுப்புகளை ஆராய்ந்துவந்த டீன் சிக்கிங்கின் குழு இதற்கு விடை கண்டது. சதுர எஃகுக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து வழவழப்பான முகமாக்கினார்கள். அதற்கும் பின்னாலுள்ள கான்கிரீட்டுக்கும் இடையில் தெர்மோகோல் வகை நுரைக்கட்டிகள். கார் மோதினால் எஃகு வளைந்து பின்வாங்கும், நுரை நசுங்கி ஆற்றலைத் தின்னும், கார் சுவரோடு சறுக்கியபடி வேகம் இழக்கும். 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் கான்கிரீட்டில் மோதி இறந்தது அமெரிக்காவையே உலுக்கியது. 2002 மே மாதம் இண்டியானாபொலிஸில் ‘சேஃபர்’ என்ற பெயரில் புதிய தடுப்பு நின்றது. ஆயினும் எல்லா இடத்துக்கும் அது போய்ச்சேரவில்லை. 2015இல் அதே டேடோனாவில், தடுப்பு வைக்கப்படாத உட்சுவரில் மோதிய கைல் புஷ் வலது காலையும் இடது பாதத்தையும் முறித்துக்கொண்டார். சுவரின் எந்தத் துண்டை விட்டுவைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது எவ்வளவு ஆபத்தானது!

ஃபார்முலா 1இல் பரவலாக நிற்பது டெக்புரோ எனும் பிளாஸ்டிக் கட்டித் தடுப்பு. 2015இல் சோச்சியில் கார்லோஸ் சைன்ஸின் கார் அதற்கடியில் முழுக்கப் புதைந்தது. மறுநாளே அவர் பந்தயத்தில் ஓட்டினார். 2020இல் பஹ்ரைனில் ரொமைன் குரோஜானுக்கு அப்படியொரு மெத்தை அமையவில்லை. மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் மோதிய கார் இரும்பு வேலியைக் கிழித்து இரண்டாக உடைந்து எரிந்தது. தலைக்கு மேலிருந்த ‘ஹேலோ’ வளையம் காப்பாற்றியது. தீக்குள்ளிருந்து அவரே ஏறி வெளியே வந்தார்.

சென்னைக்கும் இந்தக் கவலை வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போன தெருப் பந்தயம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது. நகரத்துச் சாலையில் கார் தறிகெட்டால் வேகம் தணிய ஜல்லிப் பரப்பு கிடையாது, ஓரமே சுவர். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று தாமதமானதால், முதல் நாள் கார்கள் கிளம்பவே இருட்டிவிட்டது. பொறுமையிழந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாமதம் தேவையான தாமதமே.

ஒருமுறை அடி வாங்கிய தடுப்பை அப்படியே நம்பவும் முடியாது. 2021இல் சில்வர்ஸ்டோனின் டயர் அடுக்கில் 51 ஜி, அதாவது தன் எடையைப்போல் 51 மடங்கு விசையோடு மோதிய மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் நடந்தே வெளியே வந்தார். கலைந்த டயர்களை அடுக்கிக் கட்டி முடிக்கும்வரை சிவப்புக் கொடி காட்டி மற்றக் கார்களை நிறுத்திவைத்திருந்தார்கள்.